ஓட்டை விழாமலே மூழ்கிய படகு: பொதுப் படகுத்துறையின் நீரடி விளிம்பு குறித்த நிகழ்வு ஆய்வு

இரவு பத்து மணிக்குப் பொதுப் படகுத்துறையில் கட்டிய உல்லாசப் படகு, விடியற்காலை நான்கு மணிக்கு ஆற்றின் தரையில் உட்கார்ந்துவிட்டது. தூக்கி எடுத்து, சேற்றைக் கழுவிப் பார்த்தால் அடித்தகட்டில் ஒரு துளைகூட இல்லை. கரைப்பக்க விளிம்பில் வண்ணம் உரிந்த ஒரு நீளமான கீறல் மட்டுமே. படகில் இருந்தவர்களுக்கும் மீட்டவர்களுக்கும் முதலில் புரியாமல் போவது இதுதான்.

இது குறிப்பிட்ட ஒரு படகுக்கு நேர்ந்த விபத்தின் பதிவு அல்ல. தடுப்பணைகளால் நீர்மட்டம் கட்டுப்படுத்தப்படும் ஆறுகளில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு விபத்து வகையின் கூறுகளைச் சேர்த்து, ஒவ்வொரு அளவையும் வாசகரே கணக்குப் போட்டுச் சரிபார்க்கும்படி அமைத்த மாதிரி நிகழ்வு. நேரங்களும் அளவுகளும் அந்த மாதிரிக்கு உரியவை. அவற்றுக்குப் பின்னால் உள்ள இயற்பியல் எல்லாப் படகுக்கும் பொது.

படகும் துறையும்

படகு எஃகு உடல் கொண்டது. நீளம் 9 மீட்டர், அகலம் 2.8 மீட்டர், அமிழ்வு (நீர்மட்டத்திலிருந்து அடிவரை) 60 செ.மீ. உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் குழாய், ஆற்றுப்பக்கமாக, நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. மேலே திறக்கிறது, அதன் உள்விட்டம் 25 மி.மீ. அதே பக்கத்தில் இன்ஜின் அறைக்குக் காற்று போகும் திறப்பு: 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரம். அதன் கீழ்விளிம்பு நீர்மட்டத்திலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட அமைப்பு ஆற்றுப் படகுகளில் சர்வ சாதாரணம்.

துறை 60 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தகட்டுச் சுவர். வந்து கட்டும் படகுகளின் உந்துவிசிறி கிளப்பும் நீர், காலப்போக்கில் சுவரின் அடிமண்ணை அரித்துக் குழியாக்கியிருந்தது. அந்தக் குழியை அடைக்கச் சிமென்ட் கலவை நிரப்பிய சாக்குகளை அடுக்கியிருந்தார்கள். சாக்குகள் இறுகிக் கல்லாயின. பிறகு அவற்றுக்குக் கீழே இருந்த மண்ணும் அரித்துப்போக, சுமார் 4 மீட்டர் நீளத்துக்கு அடுக்கு முன்னோக்கிச் சரிந்தது. இப்போது அது சுவரிலிருந்து 45 செ.மீ. ஆற்றுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் மேற்பரப்பு வழக்கமான நீர்மட்டத்துக்கு 70 செ.மீ. கீழே. கலங்கிய ஆற்றில் 70 செ.மீ. ஆழத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஆழம் 1.6 மீட்டர், ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் கருவி காட்டியது அந்த எண்ணைத்தான்.

படகுக்கும் சுவருக்கும் இடையே 15 செ.மீ. தடிமனுள்ள ஃபெண்டர்கள் (உரசலைத் தடுக்கும் மெத்தைகள்) தொங்கின. 45-இல் 15 போக, படகின் அடி 30 செ.மீ. அளவுக்கு விளிம்பின் மேலே இருந்தது. 70-இல் அமிழ்வு 60 போக, அடிக்கும் விளிம்புக்கும் செங்குத்து இடைவெளி 10 செ.மீ. அந்த மட்டம் அப்படியே நின்றிருந்தால் படகு மாதக்கணக்கில் அங்கேயே பத்திரமாக மிதந்திருக்கும்.

அன்றிரவு நடந்த வரிசை

மேல்பகுதியில் பெய்யும் மழையால் வரப்போகும் நீருக்கு இடம் ஒதுக்க, துறைக்குக் கீழே உள்ள தடுப்பணையின் மதகுகளை நள்ளிரவு 12.30 மணிக்கு உயர்த்தினார்கள். இரண்டு மணி நேரத்தில் நீர்மட்டம் 45 செ.மீ. இறங்கியது. வெள்ளம் வரும் என்ற எச்சரிக்கையைக் கேட்பவர்கள் நீர் ஏறுவதற்குத்தான் தயாராவார்கள். ஆனால் தடுப்பணைக்குச் சற்று மேலே உள்ள துறைகளில் முதலில் நிகழக்கூடியது இறக்கம். இரண்டு தடுப்பணைகளுக்கு நடுவே உள்ள நீர்ப்பகுதியில் மேல்முனை வெள்ளத்தில் அதிகம் ஏறும். கீழ்முனையின் மட்டம் மதகை இயக்குபவர் கையில் இருக்கும். துறை எந்த முனையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்தின் திசையே மாறிவிடுகிறது.

ஒரு மணி சுமாருக்கு படகின் கரைப்பக்க விளிம்பு சாக்கு அடுக்கைத் தொட்டது. அதற்குப் பின் இறங்கிய ஒவ்வொரு செ.மீ.க்கும் அந்தப் பக்கம் இறங்க மறுத்தது. 1.50-க்கு ஆற்றுப்பக்கத்துக் குழாய்த் திறப்பு நீரைத் தொட்டது. 2.30-க்கு இறக்கம் நின்றபோது சாய்வு 12 டிகிரி. 3.20-க்கு மேசையிலிருந்த பொருள்கள் உருண்டு விழுந்த சத்தத்தில் உள்ளே தூங்கிய இருவரும் விழித்தார்கள். 3.40 வாக்கில் காற்றுத் திறப்பு நீருக்குள் போனது. நான்கு மணிக்கு ஆற்றுப்பக்கம் தரைதட்டியது. இருவரும் கரைப்பக்கமாக ஏறித் தப்பினார்கள்.

சாய்வு எப்படி அவ்வளவு வந்தது

45 செ.மீ. இறக்கத்தில் முதல் 10 செ.மீ. இடைவெளியிலேயே தீர்ந்தது. மீதி 35 செ.மீ.க்கு அடுக்கு படகின் ஒரு விளிம்பைத் தாங்கியது. ஒரு பக்கத்தை 35 செ.மீ. தூக்கினால் படகு முழுவதும் மேலே வராது. பெட்டி வடிவ உடல், 0.5 மீட்டர் மெட்டாசென்ட்ரிக் உயரம் (சாய்வை எதிர்க்கும் திறனின் அளவு) என்று வைத்துக் கணக்கிட்டால், படகின் நடு வெறும் 5 செ.மீ. உயர்கிறது. மீதி 30 செ.மீ. சுழற்சியாக மாறுகிறது. அரை அகலமான 1.4 மீட்டருக்கு 30 செ.மீ. என்றால் 12 டிகிரிக்குச் சற்று மேல். மறுபக்கம் அதே 30 செ.மீ. தாழ்ந்து, நடு உயர்ந்த 5 செ.மீ.யைக் கழித்து, 25 செ.மீ. நீருக்குள் இறங்குகிறது.

கரைப்பக்கம் எவ்வளவு தூக்கப்படுகிறதோ, அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆற்றுப்பக்கம் மூழ்கும். இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் படகின் ஆற்றுப்பக்கத் திறப்புகளைப் பாருங்கள். 15 செ.மீ. உயரத்தில் இருந்த குழாய் இப்போது 10 செ.மீ. நீருக்கடியில், 40 செ.மீ.யில் இருந்த காற்றுத் திறப்புக்கு மிச்சம் 15 செ.மீ.தான்.

அடுக்கின் மீது விழுந்த சுமை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். எஃகு அதைத் தாங்கிக்கொண்டது. அதே சுமை ஃபைபர் கிளாஸ் உடலில், துருத்திக்கொண்டிருக்கும் ஒரு போல்ட் முனையில் விழுந்திருந்தால் விளைவு வேறு. 50 செ.மீ. ஆழத்தில் 25 மி.மீ. துளை விழுந்தால் நிமிடத்துக்கு 55 லிட்டர் உள்ளே வரும்.

தண்ணீர் வந்த வழி

பில்ஜ் பம்பின் குழாய்தான் வழி. இது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். நீரை வெளியேற்றுவதற்காகவே பொருத்திய குழாய் அது. ஆனால் படகுகளில் பரவலாக இருக்கும் சுழல்விசிறி பம்பில் வால்வு கிடையாது. நின்றுவிட்ட பம்பு வழியாக நீர் இரு திசையிலும் தடையின்றிப் போகும். இந்தப் படகில் குழாய், திறப்பிலிருந்து நேராகச் சரிந்து பம்புக்கு இறங்கியது. மேலே வளைவு எதுவும் இல்லை. திறப்பு மூழ்கிய கணத்திலிருந்து ஆற்று நீர் குழாய் வழியே அடித்தளத்துக்குப் பாயத் தொடங்கியது. திறப்பு 10 செ.மீ. ஆழத்தில்தானே இருந்தது என்று நினைக்கக்கூடாது. வெளி நீர்மட்டத்துக்கும் உள்ளே தேங்கிய நீரின் மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் நீரைத் தள்ளும் விசை. அது அரை மீட்டருக்குக் குறையாது. குழாயின் உராய்வையும் பம்பின் தடையையும் கழித்தாலும் நிமிடத்துக்கு 30 லிட்டர்.

100 நிமிடத்தில் 3 டன். அந்த நீர் பரவலாக நிற்காமல் தாழ்ந்த பக்கத்தில் சேர்ந்து அதை மேலும் தாழ்த்தியது. பிறகு காற்றுத் திறப்பின் முறை. 30-க்கு 10 செ.மீ. திறப்பு, அதன் நடுமட்டத்துக்கு மேல் 5 செ.மீ. நீர் இருந்தாலே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் விடும். அதற்குப் பிறகு எந்தப் பம்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பம்பு ஏன் ஓடவில்லை? நீர் ஏறினால் பம்பைத் தானாக ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்ச், மெயின் சுவிட்சுக்குப் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது. பேட்டரி வீணாகக் கூடாது என்று படுக்கும் முன் மெயின் சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கமென்று பலரும் கருதுகிறார்கள். தானியங்கிப் பம்பின் இணைப்பு மட்டும் மெயின் சுவிட்சைத் தொடாமல், தனக்கென ஒரு ஃபியூஸுடன் நேராகப் பேட்டரியிலிருந்து வர வேண்டும். ஃபியூஸ் அளவு பம்பின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். பம்பு ஓடியிருந்தால் நேரம் கிடைத்திருக்கும், பிரச்சினை தீர்ந்திருக்காது. நீரை வெளியேற்றி ஓய்ந்ததும் அதே குழாயில் ஆறு திரும்ப உள்ளே வரும், பம்பு திரும்ப ஓடும், பேட்டரி தீரும்வரை இதுவே நடக்கும்.

சரியான அமைப்பு இது: பம்பிலிருந்து குழாயைப் படகின் நடுக்கோட்டுக்கு அருகில் மேல்தளத்தின் அடிவரை உயர்த்தி, அங்கே ஒரு வளைவு கொடுத்து, பிறகு பக்கவாட்டுத் திறப்புக்கு இறக்க வேண்டும். வளைவின் உச்சியில் சைஃபனை (நிரம்பிய குழாய் வழியே நீர் தானாக இழுபடுவதை) முறிக்கும் காற்று வால்வு ஒன்று. நடுக்கோட்டுக்கு அருகில் என்பது முக்கியம். பக்கச் சுவரை ஒட்டி உயர்த்திய வளைவு படகு சாயும்போது சேர்ந்து தாழும். நடுக்கோட்டில் உள்ளது 12 டிகிரி சாய்விலும் உயரம் இழக்காது. குழாயில் ஒருவழி வால்வு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு முடியோ, மரத்துகளோ சிக்கினால் அந்த வால்வு திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும். மூடியபடி நின்றால் பம்பே பயனற்றது. அதை நம்பி வளைவைத் தவிர்க்கக்கூடாது.

இருபது நிமிடம் வீணானது

3.20-க்கு விழித்தவர்கள் நீரைக் கண்டதும் தரைப்பலகைகளைப் பிரித்து, கரைப்பக்க அடியில் ஓட்டையைத் தேடினார்கள். படகு இடித்த பக்கத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் காரணம் எதிர்ப்பக்கத்தில், அடியிலிருந்து மேலே இருந்தது. படகு கட்டிய நிலையில் ஒருபக்கமாகச் சாய்ந்து, உள்ளே நீர் இருந்தால், முதலில் கை போக வேண்டிய இடம் தாழ்ந்த பக்கத்தின் குழாய்த் திறப்புகள். கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று, அல்லது இறுகச் சுருட்டிய துணி, 25 மி.மீ. குழாயை ஒரே நிமிடத்தில் அடைத்திருக்கும். ஒவ்வொரு திறப்புக்கும் அருகில் அதன் அளவுக்கான மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது இதற்காகத்தான்.

கயிறும் கூட்டாளி

படகை அடுக்கின் மேலேயே நிறுத்திவைத்ததில் கயிறுகளுக்கும் பங்கு உண்டு. சுவருக்குக் குறுக்காக, குட்டையாகக் கட்டிய கயிறு கிடைமட்டத்தில் 80 செ.மீ., உயரத்தில் 20 செ.மீ. போனது, நீளம் 82 செ.மீ. படகு முழுதாக 45 செ.மீ. இறங்க அதே இரு முனைகளுக்கும் 103 செ.மீ. தேவை. நீளம் போதாமல் கயிறு விறைத்துப் படகைச் சுவரோடு இறுக்கியது. கரையோரமாக முன்னும் பின்னும் நீளமாக ஓடும் கயிறு 5 மீட்டர் என்றால், அதே இறக்கத்துக்கு அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 4 செ.மீ. மட்டுமே. மட்டம் மாறும் ஆற்றில் குட்டைக் குறுக்குக் கயிறுகளைத் தவிர்த்து, கரையோரமாக நீண்ட கயிறுகளை நம்புவதற்கு இதுவே காரணம். குறுக்குக் கயிறு தேவைப்பட்டால் அரை மீட்டர் தொய்வு விடுங்கள். படகு சற்று ஆடும், ஆடட்டும்.

கட்டும் முன் சுவரடியைத் தொட்டுப் பார்த்தல்

எக்கோ சவுண்டர் இந்த விளிம்பைக் காட்டாது. அதன் ஒலிக்கற்றை நேர்கீழே போகிறது; 20 டிகிரி கற்றை ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை மீட்டர் வட்டத்தை மட்டுமே பார்க்கும். கருவி படகின் நடுவிலோ பின்பகுதியிலோ பொருத்தப்பட்டிருக்கும், சுவரடி அதன் பார்வைக்கு வெளியே. போதாக்குறைக்கு, திரையில் தெரியும் எண் நீர்மட்டத்திலிருந்தா, கருவியிலிருந்தா, படகின் அடியிலிருந்தா என்பது ஒவ்வொரு படகிலும் வேறு. தெரியாவிட்டால் நின்ற நீரில் ஒருமுறை கம்பால் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சுவரடிக்குக் கம்புதான் கருவி. 3 மீட்டர் நீளம், 10 செ.மீ.க்கு ஒரு கோடு. சிவப்பு நாடா சுற்ற வேண்டிய இடம் உங்கள் படகின் அமிழ்வு, எதிர்பார்க்கும் இறக்கம், பாதுகாப்பு இடைவெளி மூன்றும் சேர்ந்தது: 60 + 50 + 20, ஆக 130 செ.மீ. படகு நிற்கப்போகும் நீளம் முழுவதும் மீட்டருக்கு ஓர் இடமாக, ஒவ்வோர் இடத்திலும் சுவரை ஒட்டி, பிறகு 30, 60, 90 செ.மீ. தள்ளி ஊன்றுங்கள். 9 மீட்டர் படகுக்கு நாற்பது ஊன்றல். பத்து நிமிட வேலை. நாடா மூழ்கும் முன் கம்பு நின்றால், எதில் நின்றது என்று கை சொல்லும். சேறு மெல்ல வழிவிடும். சரளை நறநறக்கும். கான்கிரீட்டும் எஃகும் டக்கென்று திருப்பியடிக்கும். சேற்றில் படகு உட்கார்ந்தால் பெரும்பாலும் கேடில்லை. திருப்பியடிக்கும் எதன் மேலும் கட்டாதீர்கள். பெரிய ஃபெண்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வரும். 45 செ.மீ. விளிம்புக்கு 60 செ.மீ. விட்டமுள்ள பந்து ஃபெண்டர்கள் வேண்டும். அவை அலையில் ஒருமுறை மேலே ஏறிவிட்டால் படகு சுவருக்கு வந்துவிடும். பத்து மீட்டர் முன்னால் நகர்ந்து கட்டுவதே நல்லது.

இன்றைய மட்டம் வழக்கமானதா என்பதைச் சுவர் சொல்லும். நீருக்கு மேலே ஈரமும் பாசியுமாக ஒரு பட்டை இருந்தால் நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது சற்று முன் இறங்கியது. அந்தப் பட்டை காய்ந்து வெளுத்திருந்தால் இறங்கி நாளாகிவிட்டது. தடுப்பணை அருகே உள்ள அளவுகோலை வரும் வழியிலேயே படித்துக் குறித்துக்கொள்வது இதைவிட உறுதியானது.

அறிவிப்புப் பலகைகளைப் பற்றி ஒன்று. ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகளுக்காக ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வெளியிடும் செவ்னி விதித்தொகுப்பில், கரையிலிருந்து எத்தனை மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்று எண்ணால் காட்டும் சிவப்பு விளிம்புப் பலகை உண்டு. ஆழம் குறைவு என்பதற்கும் தனிப் பலகை உண்டு. இங்கே கட்டலாம் என்று சொல்லும் நீலப் பலகை அனுமதியைத்தான் சொல்கிறது. அடியில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

கம்பில் தட்டுப்படும் மற்றவை

அறுத்துவிட்ட பழைய மரத்தூண்களின் அடிக்கட்டைகள், தகட்டுச் சுவரை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் போல்ட் முனைகள், கீழ்ப்படிகள் உடைந்து வெளியே வளைந்த ஏணி, யாரோ தள்ளிவிட்ட மிதிவண்டி, ஃபெண்டராகத் தொங்கவிட்டு அறுந்து விழுந்த டயர் ஆகியவை அடிக்கடி கிடைக்கும். இவற்றில் மிகக் கெட்டது ஏணி. ஆபத்தில் பிடித்து ஏற வேண்டிய இடத்திலேயே அது படகைக் குத்துகிறது. டயரும் கயிறும் உந்துவிசிறியில் சுற்றும். சுற்றியதை எடுக்க யாரும் நீரில் இறங்கக்கூடாது, குறிப்பாகக் கரை மின்சாரம் தரும் துறைகளில். கசியும் மின்னோட்டம் நன்னீரில் இருப்பவரின் உடல் வழியாகப் பாயும், ஏனென்றால் உடல் அந்த நீரைவிட நல்ல கடத்தி. தசை செயலிழந்து மூழ்குபவரைக் காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதி.

மட்டம் ஏறினால் இதே விபத்து தலைகீழாக நடக்கும். படகின் பக்கவாட்டுக் காப்புப் பட்டை, சுவரின் மேல்விட்டத்துக்கோ துறைப் பலகைக்கோ அடியில் சிக்கிக்கொண்டால், நீர் ஏற ஏறக் கரைப்பக்கம் அழுத்தப்பட்டு அந்தப் பக்கத் திறப்புகள் மூழ்கும். ஃபெண்டர்களில் பாதியை நீர்மட்டத்திலும் மீதியை மேல்விளிம்பிலும் தொங்கவிட்டால் தவிர்க்கலாம்.

சாய்ந்த படகில் விழித்துக்கொண்டால்

எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டு, உயர்ந்த பக்கமாகக் கரை ஏறட்டும். ஒருவர் மட்டும், வெளியேற வழி திறந்திருக்கும் வரையில், மெயின் சுவிட்சைப் போட்டு, படகின் உடலில் உள்ள நீர்க்குழாய் வால்வுகளை மூடி, தாழ்ந்த பக்கத் திறப்புகளை அடைக்கட்டும். அடுத்த வேலை தொலைபேசி. ஆற்றை இயக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு மதகை இறக்கச் சொல்வது, படகில் நீங்கள் செய்யும் எதையும்விடப் பலன் தரும்.

கயிறுகளைப் படிப்படியாகத் தளர்த்துங்கள், வெட்டாதீர்கள். ஒரு டன் சுமையோடு சிக்கியிருக்கும் படகு திடீரென விடுபட்டால் மறுபக்கம் உருண்டு திரும்பும், சுவருக்கும் படகுக்கும் நடுவே இருப்பவரை நசுக்கும். இன்ஜினைப் போட்டு இழுக்க முயல வேண்டாம். திறப்புகளை அடைத்து, பம்பு நீரைக் குறைக்கத் தொடங்கிய பிறகுதான் கரையிலிருந்து கம்புகளால் தள்ளிப் பார்க்கலாம். உடலில் உண்மையாகவே ஓட்டை இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் தள்ளவே வேண்டாம்; படகைப் பிடித்திருக்கும் அந்த விளிம்புதான் அது ஆழத்துக்குப் போகாமல் தடுக்கிறது.

துறையை நடத்துபவர்களின் பக்கம்

சாக்கு அடுக்கை யாரும் அலட்சியமாக வைக்கவில்லை. அரிப்பைத் தடுக்கச் செய்த நியாயமான வேலைதான். செய்து முடித்த பிறகு சுவரடியை யாரும் மறுபடி அளக்காததுதான் குறை. அரிப்புத் தடுப்பு எதுவானாலும் அதன் முன்விளிம்பு எவ்வளவு நீண்டிருக்கிறது, மிகக் குறைந்த இயக்க மட்டத்திலிருந்து அதன் மேற்பரப்பு எவ்வளவு ஆழம் என்ற இரண்டு எண்களும் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அந்த எண்கள் மாறியிருக்கக்கூடும்.

விளிம்பை வெட்டி எடுக்க முடியாத இடங்களில், அதற்கு முன்னால் செங்குத்தான மரத்தூண்களை நட்டு, படகு எந்த மட்டத்திலும் அதன் மேல் வராதபடி செய்யலாம். தூண்கள் குறைந்த இயக்க மட்டத்துக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். பாதியில் நிற்கும் தூணின் அடியில் படகு நுழைந்துகொள்ளும். அதுவும் முடியாவிட்டால் அந்த 4 மீட்டரில் உள்ள கட்டுவளையங்களை அகற்றிவிடுவது ஒரு மணி நேர வேலை. பிடிக்க வளையம் இல்லாத இடத்தில் படகு நிற்பது குறையும்.

துறையின் பலகையில் வெறுமனே "ஆழம் 1.6 மீ." என்று எழுதுவது எழுதாமல் இருப்பதைவிட மோசம். எந்த மட்டத்தில், சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தத் தேதியில் அளந்தது என்ற மூன்றும் அதே பலகையில் வர வேண்டும். மதகை உயர்த்தும் முன் இரவு தங்கும் படகுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு இருந்தால், எதிர்பார்க்கும் இறக்கத்தைச் செ.மீ.யில் சொல்லுங்கள். "மட்டம் மாறலாம்" என்ற செய்தியைப் படித்து யாரும் படுக்கையை விட்டு எழுவதில்லை, "இரண்டு மணி நேரத்தில் 45 செ.மீ. இறங்கும்" என்பதைப் படித்தால் கயிற்றைத் தளர்த்த எழுவார்கள்.